ஏவி.எம். செட்டியார்: ரெக்கார்டு கடைக்காரர் ஸ்டூடியோ முதலாளி ஆன கதை

வடபழனி பக்கம் போகிறவர்களுக்கு ஏவிஎம் ஸ்டூடியோ ஒரு அடையாளம். அந்த உலக உருண்டையைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் சென்னைக்கு வந்துவிட்டோம், சினிமா பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பினார்கள். பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதர் யார் என்று கேட்டால், "பெரிய புரொட்யூசர்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

ஏவி.மெய்யப்பன் நடிகர் இல்லை. பாடகர் இல்லை. சில படங்களை இயக்கியிருக்கிறார் என்றாலும் அவரை யாரும் இயக்குநராக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அடிப்படையில் அவர் ஒரு கடைக்காரர். கிராமபோன் ரெக்கார்டு விற்றவர். வாடிக்கையாளர் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், எந்தத் தட்டை பாதியிலேயே எடுத்து வைத்துவிடுகிறார் என்று பார்த்துப் பழகிய காது அவருடையது. பின்னாளில் அவர் செய்த துணிச்சலான காரியங்கள், எடுத்த பெரிய முடிவுகள், போட்ட ஒரு தப்புக் கணக்கு என்று எதைப் பார்த்தாலும் அந்தக் கடைக்காரர்தான் தெரிகிறார்.

காரைக்குடி கடை

1907 ஜூலை 28 அன்று காரைக்குடியில், நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார் மெய்யப்பன். அப்பா பெயர் ஆவிச்சி செட்டியார். 'ஏவி' என்ற முதலெழுத்துகள் அங்கிருந்து வந்தவைதான். அந்தக் காலத்து நகரத்தார் குடும்பங்களில் பர்மா, மலேயா, சிலோன் என்று கடல் தாண்டிப் போய் வட்டிக்கடை வைப்பதுதான் வழக்கம். ஆவிச்சி செட்டியார் ஊரிலேயே 'ஏவி அண்ட் சன்ஸ்' என்று ஒரு கடை வைத்திருந்தார். மற்ற சாமான்களோடு கிராமபோன் ரெக்கார்டுகளும் அங்கே விற்பனைக்கு இருந்தன. மெய்யப்பன் இளம் வயதிலேயே அந்தக் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதைய ரெக்கார்டு என்றால் அரக்குத் தட்டு. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் கேட்பவர் மனதைப் பிடிக்கவில்லை என்றால் தட்டு விற்காது. கடையில் உட்கார்ந்தவருக்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

காரைக்குடியில் இருந்து விற்பதைவிட, ரெக்கார்டு உருவாகும் இடத்துக்கே போய்விடலாம் என்று மெய்யப்பனுக்குத் தோன்றியது. நண்பர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சென்னையில் 1932-ல் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' தொடங்கினார். 'ஓடியன்' என்ற ஜெர்மன் ரெக்கார்டு கம்பெனியின் ஏஜென்சி கையில் வந்தது. விற்பதோடு நிற்காமல், பாடகர்களையும் நாடகக்காரர்களையும் அழைத்து வந்து பதிவும் செய்தார்கள். முழு நாடகத்தையே பல தட்டுகளாகப் பதிந்து ஒரு செட்டாக விற்கும் வழக்கம் அப்போது இருந்தது. படம் இல்லாமல், குரலை மட்டும் வைத்து ஒரு கதையை எப்படி நடத்துவது என்பது அந்த வேலையில் கிடைக்கிற பயிற்சி.

கையைக் கடித்த முதல் படங்கள்

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது 1931-ல். அடுத்த சில வருடங்களில், ரெக்கார்டில் கேட்ட குரலைத் திரையில் முகத்தோடு பார்க்கலாம் என்ற ஆசை ஜனங்களைப் பிடித்துக்கொண்டது. ரெக்கார்டு வியாபாரிக்கு இது ஆபத்தும்கூட, வாய்ப்பும்கூட. மெய்யப்பன் வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டார்.

சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோக்கள் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தன. அதனால் தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமென்றால் நடிகர், பக்கவாத்தியம், சமையல்காரர் சகிதம் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயில் ஏற வேண்டும். மெய்யப்பனின் முதல் படம் 'அல்லி அர்ஜுனா' அப்படிக் கல்கத்தாவில் எடுக்கப்பட்டது. 1935-ல் வெளிவந்து தோற்றது. அதே வருடம் வந்த 'ரத்னாவளி'யும் கையைக் கடித்தது.

இரண்டு அடி வாங்கிய 28 வயது இளைஞர், வேறு யாராக இருந்தாலும் கடைக்கே திரும்பியிருப்பார். நஷ்டம் வந்த இடத்தை விட்டு விலகுவதும் வியாபார புத்திதான். மெய்யப்பன் விலகவில்லை. வேறு கூட்டாளிகளோடு 'பிரகதி' என்ற பெயரில் மறுபடி இறங்கினார். 1938-ல் 'நந்தகுமார்' வந்தது. கிருஷ்ணனாக நடித்த பையன்தான் பின்னாளில் பெரிய பெயர் வாங்கிய டி.ஆர்.மகாலிங்கம்.

முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது

'நந்தகுமார்' படத்தில்தான் அந்தக் கடைக்காரக் காது முதல் தடவையாக வேலை செய்தது.

அன்றைய படங்களில் நடிக்க வேண்டுமென்றால் பாடத் தெரிந்திருக்க வேண்டும். கேமரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவில் விழாமல் மரத்தடியிலோ திரைக்குப் பின்னாலோ உட்கார்ந்து வாசிப்பார்கள். அதனால் நல்ல முகம் இருந்து குரல் இல்லாதவருக்கு வாய்ப்பு இல்லை. நல்ல குரல் இருந்தால் முகமும் நடிப்பும் எப்படி இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

'நந்தகுமார்' படத்தில் தேவகியாக நடித்தவரின் பாட்டு மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. லலிதா வெங்கட்ராமன் என்பவரைத் தனியாகப் பாடவைத்து, அந்தக் குரலை நடிகையின் வாயசைவுக்குப் பொருத்தினார். தமிழ்ப் படங்களில் பின்னணிப் பாட்டு தொடங்கிய இடம் இதுதான் என்று சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், ரெக்கார்டு விற்றவருக்கு இது வித்தியாசமாகவே தோன்றியிருக்காது. முகம் தெரியாத குரலைத்தானே அவர் இத்தனை வருடமும் விற்றுக்கொண்டிருந்தார்!

1940-ல் 'பூகைலாஸ்' என்ற தெலுங்குப் படம் நன்றாக ஓடியது. 1941-ல் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை வைத்து 'சபாபதி' எடுத்தார். அசட்டு எஜமானாக டி.ஆர்.ராமச்சந்திரனும் அதைவிட அசட்டு வேலைக்காரனாக காளி என்.ரத்தினமும் அடித்த கூத்து இன்றைக்கும் சிரிப்பு வரவழைக்கிறது. புராணப் படங்கள் மண்டியிருந்த நேரத்தில், வீட்டு வாசலில் நடக்கிற ஒரு கதையை, சண்டை சச்சரவு இல்லாமல், வெறும் சிரிப்பை வைத்தே ஓட்டிக் காட்டினார்.

அடுத்தது 'ஹரிச்சந்திரா'. கன்னடத்தில் எடுத்த படத்தை, தமிழ் வசனத்தை வாயசைவுக்குப் பொருத்தி, 1944-ல் தமிழ்ப் படமாகவே வெளியிட்டார்கள். இந்தியாவில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு டப்பிங் செய்யப்பட்ட முதல் படம் என்று இதைச் சொல்வார்கள். யுத்த காலம் அது. கச்சா பிலிம் கிடைப்பதே பெரும்பாடு. படத்தின் நீளத்துக்கே சர்க்கார் கட்டுப்பாடு போட்டிருந்தது. அந்த நேரத்தில், இருக்கிற ஒரு படத்தை இரண்டு ஊர்களில் விற்க வழி கண்டுபிடித்தவர் நிச்சயம் வியாபாரியாகத்தான் இருக்க முடியும்.

1945-ல் 'ஸ்ரீவள்ளி'. மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மணி வள்ளி. படம் முடிந்த பிறகு ருக்மணியின் பாட்டு செட்டியாருக்கு உறுத்தியது. மொத்தப் பாட்டுகளையும் பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து மாற்றினார். எடுத்து முடித்த வேலையைக் கலைத்துத் திரும்பச் செய்யும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. செலவு ஆகுமே என்று கணக்குப்பிள்ளை கவலைப்படலாம். செட்டியார் கணக்கு வேறு. கெட்டுப்போன சரக்கைக் கடையில் வைத்தால் அந்தச் சரக்கு மட்டும் நஷ்டம் இல்லை, கடையின் பெயரும் நஷ்டம்.

கீற்றுக் கொட்டகையில் ஒரு ஸ்டூடியோ

1945 அக்டோபரில் 'ஏவிஎம்' என்ற பெயரில் சொந்தக் கம்பெனி பிறந்தது. கூட்டாளிகளோடு சேர்ந்து செய்த தொழில்களுக்குப் பிறகு, முதல் தடவையாகத் தன் பெயரிலேயே ஒரு நிறுவனம். ஆனால் சென்னையில் ஸ்டூடியோ நடத்த அப்போது வசதிப்படவில்லை. செட்டியார் சொந்த ஊர்ப் பக்கமே திரும்பினார். காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் இடம் பிடித்து, கீற்றுக் கொட்டகைகள் போட்டு ஸ்டூடியோ நடத்தினார். நடிகர்களும் தொழிலாளர்களும் அங்கேயே தங்கி வேலை செய்தார்கள். செட்டிநாட்டு வெயிலில், பெரிய வசதி ஏதும் இல்லாமல் நடந்த அந்த வேலையிலிருந்து வந்த படம்தான் 'நாம் இருவர்'.

1947 தொடக்கத்தில், சுதந்திரம் கிடைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் வெளியான படம் அது. ப.நீலகண்டனின் நாடகத்தை ஒட்டிய குடும்பக் கதை. கதையைவிட ஜனங்களைக் கட்டிப்போட்டவை அதில் வந்த பாரதியார் பாட்டுகள். டி.கே.பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, வரப்போகிற சுதந்திரத்தைத் தியேட்டரிலேயே ஜனங்கள் கொண்டாடிவிட்டார்கள். ஊர் ஊராகப் படம் ஓடியது.

அந்த வெற்றியோடு சென்னைக்குத் திரும்பியவர், 1948-ல் கோடம்பாக்கம் - வடபழனிப் பகுதியில் ஸ்டூடியோவை நிலைநிறுத்தினார். 1949-ல் வந்த 'வாழ்க்கை' வைஜெயந்திமாலா என்ற புதுமுகத்தைக் கொண்டுவந்தது. அதே கதை தெலுங்கில் 'ஜீவிதம்', இந்தியில் 'பஹார்' என்று போனது. வைஜெயந்திமாலாவும் அந்த இந்திப் படத்தோடு வடக்கே போய்ப் பெரிய நட்சத்திரம் ஆனார்.

பாரதி பாட்டு யார் சொத்து?

'நாம் இருவர்' படத்துக்குப் பாரதி பாட்டுகள் எப்படிக் கிடைத்தன என்பது தனிக்கதை. செட்டியார் வாழ்க்கையில் மிகச் சிக்கலான அத்தியாயமும் அதுதான்.

பாரதி 1921-ல் காலமானபோது குடும்பத்துக்குப் பெரிதாகச் சொத்து எதுவும் இல்லை. பாட்டுகளின் உரிமைதான் இருந்தது. அதில் ரெக்கார்டு, ஒலிபரப்பு சம்பந்தமான உரிமை 1930-களில் ஜெய்சிங்லால் மேத்தா என்ற நகை வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. அவரிடமிருந்து அந்த உரிமையை விலைக்கு வாங்கினார் மெய்யப்பன். ரெக்கார்டு தொழிலில் ஊறியவர் என்பதால், ஒரு பாட்டுக்கு எதிர்காலத்தில் என்ன மதிப்பு வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாங்கியது சட்டப்படி சரி. படத்தில் பயன்படுத்தியதும் சரி.

பிரச்சினை 1948-ல் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். உரிமை தன்னிடம் இருக்கிறது என்று மெய்யப்பன் வழக்குக்குப் போனார். ஒரு வியாபாரியாக அவர் செய்ததில் புதுமை ஏதும் இல்லை. தன் கடைச் சரக்கை இன்னொருவர் எடுத்தால் கேட்கத்தானே செய்வார்? ஆனால் அது அரிசி மூட்டை இல்லை, பாரதி பாட்டு. நாடு விடுதலை அடைந்துவிட்டது, விடுதலையைப் பாடிய கவிஞரின் பாட்டு ஒரு தனி மனிதரின் பெட்டியில் பூட்டிக் கிடப்பதா என்ற கேள்வி எழுந்தது. டி.கே.சண்முகம், ப.ஜீவானந்தம் உள்ளிட்ட பலர் குரல் கொடுத்தார்கள். பாட்டுகளை அரசே வாங்கிப் பொதுவாக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அவரது அரசு உரிமையை எடுத்துக்கொள்ள முன்வந்தது. மெய்யப்பன் தன்னிடம் இருந்த உரிமையைக் காசு வாங்காமலே கொடுத்துவிட்டார். 1949-ல் பாரதி பாட்டுகள் அரசின் வசம் வந்தன. 1955-ல் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்று மக்களுக்கே விடப்பட்டன.

இதில் செட்டியாரை வில்லனாகவும் காட்டலாம், வள்ளலாகவும் காட்டலாம். இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் பாதி உண்மைதான். வழக்குப் போட்டவரும் அவரே, விட்டுக்கொடுத்தவரும் அவரே. விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு உரிமை கேட்பது கடைக்கார தர்மம். விற்கக்கூடாத பொருள் என்று ஊரே சொன்ன பிறகு, நஷ்ட ஈடு கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருக்காமல் கையைத் திறந்ததும் அவர்தான். ஒரு கவிஞரின் மொத்தப் படைப்பும் இப்படிப் பொதுச் சொத்தானது நம் நாட்டில் அதற்கு முன் நடந்திராத காரியம். பள்ளிக்கூட மேடையில் இன்றைக்கு ஒரு குழந்தை பாரதி பாட்டை யாரையும் கேட்காமல் பாடுகிறது என்றால், அதில் இந்தக் கதைக்கும் பங்கு உண்டு.

செட்டியார் தப்பாகப் போட்ட கணக்கு

1952 தீபாவளிக்கு வந்தது 'பராசக்தி'. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் முதலியாரும் ஏவிஎம்மும் சேர்ந்து எடுத்த படம். கலைஞர் கருணாநிதி வசனம், கிருஷ்ணன் - பஞ்சு இயக்கம். கதாநாயகன் நாடக மேடையிலிருந்து வந்த வி.சி.கணேசன் என்ற புதுமுகம்.

அந்தப் புதுமுகம் மெய்யப்பனுக்குப் பிடிக்கவில்லை. ஆள் ஒல்லி, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, திரையில் எடுபடாது என்று அவர் நினைத்தார். கே.ஆர்.ராமசாமி மாதிரி பெயர் வாங்கிய நடிகரைப் போடலாம் என்ற யோசனையும் வந்தது. கொஞ்ச தூரம் படம் எடுத்த பிறகும் இந்தத் தயக்கம் போகவில்லை. பெருமாள் முதலியார் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. இந்தப் பையன்தான் என்று நின்றார். கணேசனுக்கு நல்ல சாப்பாடு போட்டு உடம்பைத் தேற்றி, முதலில் எடுத்த காட்சிகளை மறுபடி எடுத்தார்கள் என்பது கோடம்பாக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை.

படம் வந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. சிவாஜி கணேசன் என்ற பெயர் ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. நாடி பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று பேரெடுத்த செட்டியாரின் கணிப்பு இங்கே தோற்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டாளியின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, மறுபடி எடுக்கச் செலவையும் ஏற்றுக்கொண்டார். தன் எண்ணம் தப்பு என்று தெரிந்த பிறகு, அடுத்த படங்களுக்கு அதே சிவாஜியைத் தேடிப் போனார்.

பாட்டு வியாபாரி எடுத்த பாட்டில்லாத படம்

அப்படி வந்ததுதான் 1954-ல் 'அந்த நாள்'. வீணை வித்வான் எஸ்.பாலசந்தர் இயக்கிய படம். ஒரு ரேடியோ இன்ஜினீயர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். யார் கொன்றிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஒரு படத்தில் இருபது பாட்டு இருந்தாலும் குறை சொல்லாத காலத்தில், பாட்டு விற்றே பிழைத்த ஒருவர் இப்படி ஒரு படத்துக்குப் பணம் போட்டார்!

இதையும் முதலில் வேறு நடிகர்களை வைத்து ஆரம்பித்து, திருப்தி இல்லாமல் நிறுத்தி, சிவாஜியை வைத்து மறுபடி எடுத்தார்கள். வசூலில் பெரிய வெற்றி இல்லை. பாட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். ஆனால் தமிழில் நல்ல திரில்லர் எது என்று பட்டியல் போடும்போது இன்றும் முதல் வரிசையில் வருகிறது. ரெக்கார்டு கடைக்காரர் காதில் பாட்டு மட்டும் விழவில்லை, மௌனமும் விழுந்திருக்கிறது என்பதற்கு இந்தப் படம் சாட்சி.

அதே 1954-ல் கன்னடத்தில் 'பேடர கண்ணப்பா' வந்தது. ராஜ்குமார் என்ற நடிகரைக் கன்னடத் திரைக்குக் கொடுத்த படம். இந்தியில் ராஜ் கபூர் - நர்கிஸ் நடித்த 'சோரி சோரி', 'பாய் பாய்', 'பாபி' என்று வரிசையாகப் படங்கள். 'ஹம் பஞ்சி ஏக் டால் கே' சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. காரைக்குடிக் கீற்றுக் கொட்டகையிலிருந்து கிளம்பிய கம்பெனி பத்தே வருடத்தில் பம்பாய் நட்சத்திரங்களைச் சென்னைக்கு வரவைத்துவிட்டது.

குடும்பக் கதையும் குடும்பஸ்தரும்

ஏவிஎம் படம் என்றால் குடும்பத்தோடு போகலாம் என்று ஒரு நம்பிக்கை ஜனங்களிடம் இருந்தது. அதைச் சம்பாதிக்க வருடக்கணக்கில் ஆனது. 1960-ல் வந்த 'களத்தூர் கண்ணம்மா', 1963-ல் 'நானும் ஒரு பெண்', 1964-ல் 'சர்வர் சுந்தரம்', 1965-ல் 'குழந்தையும் தெய்வமும்' என்று எதை எடுத்தாலும் பிரிந்த குடும்பம், நிறத்தால் ஒதுக்கப்பட்ட பெண், உழைத்து மேலே வருகிற ஏழைப் பையன், அப்பா அம்மாவைச் சேர்த்து வைக்கிற குழந்தைகள்தான் கதை. 'களத்தூர் கண்ணம்மா'வில் அறிமுகமான ஐந்து வயசுப் பையன் கமல்ஹாசன்.

வீட்டையும் ஸ்டூடியோவையும் செட்டியார் தனித்தனியாக வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் முருகன், குமரன், சரவணன், பாலசுப்பிரமணியன் எல்லோரையும் தொழிலிலேயே பழக்கினார். நகரத்தார் வழக்கப்படி பிள்ளைகளுக்கு அவர் 'அப்பச்சி'. தொழில் விஷயத்தில் அப்பச்சி கண்டிப்பானவர். முதலாளி மகன் என்பதற்காக யாரும் நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட முடியாது. வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும், கணக்கு தெரிய வேண்டும், அடுத்தவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. அப்பா கடையில் உட்கார்ந்து தான் கற்ற முறையையே அவர் பிள்ளைகளுக்கும் வைத்தார். மனைவி ராஜேஸ்வரியின் பெயரைத் தியேட்டருக்கும் கல்யாண மண்டபத்துக்கும் சூட்டினார்கள். வடபழனி சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களின் கல்யாண ஆல்பத்தில் அந்த மண்டபத்தின் பெயர் இருக்கிறது.

அரசியல் பக்கம் போனவர் இல்லை செட்டியார். ஆனால் தென்னிந்திய அரசியலே அவரது ஸ்டூடியோ வழியாகப் போனது என்று சொல்லலாம். அண்ணாவின் கதையில் 'ஓர் இரவு' எடுத்தது ஏவிஎம். கலைஞரின் 'பராசக்தி' அங்கேதான் உருவானது. எம்.ஜி.ஆர். அந்த நிறுவனத்துக்கு நடித்துக்கொடுத்த ஒரே படம் 1966-ல் வந்த 'அன்பே வா'. அதே வருடம் 'மேஜர் சந்திரகாந்த்' படத்தில் ஜெயலலிதா. 1958-ல் வந்த தெலுங்கு 'பூகைலாஸ்' படத்தில் ராவணனாக என்.டி.ராமராவ். ஐந்து முதலமைச்சர்கள் ஒரே முதலாளியின் படங்களில் வேலை செய்திருக்கிறார்கள்.

கடைசி வருடங்களும் மிச்சமும்

1970-களில் ஏவிஎம் படத் தயாரிப்பு குறைந்தது. கலர் வந்து செலவு ஏறிவிட்டது. நட்சத்திரங்களின் தேதி கிடைப்பது கஷ்டம். படம் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று முன்கூட்டியே திட்டம் போட்டு வேலை செய்த ஒருவருக்கு அந்தச் சூழல் ஒத்துவரவில்லை. ஸ்டூடியோ மட்டும் மற்ற கம்பெனிகளின் படப்பிடிப்புகளோடு நடந்துகொண்டிருந்தது.

1979 ஆகஸ்ட் 12 அன்று மெய்யப்பன் காலமானார். அப்போது அவருக்கு வயது 72. அதில் 45 வருடம் சினிமாவுக்குப் போனது. அடுத்த வருடமே பிள்ளைகள் ரஜினிகாந்தை வைத்து 'முரட்டுக்காளை' எடுத்து மறுபடி களத்தில் இறங்கினார்கள். அப்பச்சி வைத்துவிட்டுப் போன பெயரைத் தலைமுறை தாண்டியும் கொண்டுபோனார்கள். 2006-ல் மத்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. 2023-ல் வடபழனி வளாகத்தில் ஏவிஎம் ஹெரிட்டேஜ் மியூசியம் திறக்கப்பட்டது. பழைய கார்களும் கேமராக்களும் அங்கே பார்வைக்கு இருக்கின்றன.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஒரு பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. பெரிய தளங்களில் செட் போட்டுப் படம் எடுத்த காலமும் மலையேறிவிட்டது. செட்டியார் விட்டுப்போன மிச்சத்தைக் கட்டடத்தில் தேடினால் கொஞ்சம்தான் அகப்படும். ஆனால் இன்று எந்தத் தமிழ்ப் படத்தைப் பார்த்தாலும், திரையில் வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர். பக்கத்து மாநிலத்துப் படம் வெள்ளிக்கிழமை தமிழில் பேசிக்கொண்டு வருகிறது. இதெல்லாம் பிறந்ததிலிருந்து இப்படித்தான் என்று நினைக்கிறோம். முதல் தடவை அதைச் செய்துபார்க்க, இரண்டு படத்தில் பணத்தை விட்ட பிறகும் கடையைச் சாத்தாத ஒரு ரெக்கார்டு வியாபாரி தேவைப்பட்டார்.